பக்கவாதம்: அடைப்பா, கசிவா? மூளைப் படம் கற்பிக்கும் பாடம்



ஒரு வியாதிக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரைக் கொண்டே, அவ்வியாதியைப் பற்றி அவர்கள் எவ்வளவு அறிந்திருந்தனர் என்று சொல்லிவிடலாம். நாம் பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் சொல்லுகிறோம். வாயு, வாதம் ஆகிய இரண்டுமே காற்றைக் குறிக்கும் சொற்கள். நம்மோடு வாழும் மலாய்ச் சகோதரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்பார்கள். சிவப்புக் காற்று என்பது அதன் பொருள். அரபு மொழியில் ஒரு பக்கம் விழுந்துபோவதை 'ஃபாலிஜ்' என்பர். இரண்டாகப் பிளத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பேச்சும் உணர்வும் அற்றுத் திடீரெனச் சாய்வதை 'ஸக்தா', அதாவது மௌனம், என்றனர். ஆங்கிலேயரோ 'ஸ்ட்ரோக்', அதாவது அடி, என்று பெயரிட்டனர்.

காற்று, பிளவு, மௌனம், அடி என்று இத்தனை பெயர்கள் இருந்தும், இவை யாவும் வெளியே கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லுகின்றனவேயன்றி, தலைக்குள்ளே நடந்தது யாது என்பதை ஒன்றேனும் சொல்லவில்லை. இது நம் முன்னோர் குற்றமன்று. மூளையை ஆண்டவன் எலும்புப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டியிருக்கிறான். உயிரோடிருப்பவரின் பெட்டகத்தைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் வழி, 1971ஆம் ஆண்டில்தான் மனிதனுக்குக் கிடைத்தது. அவ்வழி யாது, அதனால் நமக்கு என்ன பயன், நம் வீட்டிலோ கடையிலோ ஒருவர் இவ்வாறு விழுந்தால் நாம் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் எவை என்பதே இன்றைய பாடம்.

ஒரே தோற்றம், இரு காரணங்கள்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடலின் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே வாங்கிக்கொள்கிறது. கையிருப்பு என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல், அன்றாடம் வரும் சரக்கைக் கொண்டே நடக்கும் கடை போன்றது மூளை. இரத்தம் வருவது சில நிமிடங்கள் நின்றாலும் அதன் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

இரத்த வரவு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரத்தக் குழாயில் கட்டி வந்து அடைத்துக்கொள்வது. மற்றொன்று, குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள் கசிவது. பெரும்பாலானவை அடைப்புகளே, ஆனால் கசிவும் அபூர்வமன்று.

பாடத்தின் பொருட்டு இரண்டு வியாபாரிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது 58. இருவரும் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருக்கும்போது வலக்கை துவண்டு விழுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. பேச்சுக் குளறுகிறது. ஒருவருக்கு நேர்ந்தது அடைப்பு. மற்றவருக்கு நேர்ந்தது கசிவு. வெளியே நின்று பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. கடும் தலைவலி, வாந்தி, நினைவு தப்புதல் ஆகியவை இருந்தால் கசிவாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். எனினும் அறிகுறிகளை மட்டும் கொண்டு எத்தனை அனுபவமுள்ள மருத்துவராலும் உறுதி கூற இயலாது.

ஆனால் சிகிச்சையோ நேர் எதிரானது. முதல்வருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். அதே மருந்தை இரண்டாமவருக்குக் கொடுத்தால் கசிவு பெருகி உயிரையே கொண்டுபோகும். இரண்டாமவருக்கு ஏறியிருக்கும் இரத்த அழுத்தத்தை விரைவில் இறக்க வேண்டும். முதல்வருக்கு அதைத் திடீரென இறக்கினால், அரைகுறையாக வந்துகொண்டிருந்த இரத்தமும் நின்றுவிடக்கூடும். ஒருவருக்கு அமுதமானது மற்றவருக்கு நஞ்சாகும் விந்தை இது. ஆகவே, உள்ளே இருப்பது அடைப்பா கசிவா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும் வரை மருத்துவர் கை கட்டப்பட்டவர் போலவே நிற்கிறார்.

பெட்டகத்தைத் திறக்க முயன்ற வரலாறு

ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபெர் என்பவர் 1658இல் ஒரு நூல் வெளியிட்டார். இவ்வியாதியால் இறந்தவர்களின் தலையைத் திறந்து ஆராய்ந்து, சிலருக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை அதில் விளக்கினார். பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆயினும் அந்த அறிவு கிடைத்தது மையித்திடமிருந்து. நோயாளிக்கு அதனால் பயனில்லை.

1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ்ரே கிரணங்களைக் கண்டறிந்தார். இங்கே நம் பகுதிக்குரிய பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1897இல், மலாயா நாட்டின் முதல் எக்ஸ்ரே இயந்திரம் வந்து சேர்ந்த இடம் கோலாலம்பூரன்று. கமுந்திங்கிற்கு அடுத்த ஊராகிய தைப்பிங்தான். ஈயச் சுரங்கங்களின் செழிப்பால் லாருட் மாவட்டம் அந்நாளில் அவ்வளவு முன்னேறியிருந்தது. நம் கமுந்திங்கும் அப்போது கிளியான் பாரு என்னும் சுரங்க ஊராக வளர்ந்ததே.

ஆனால் எலும்பு முறிவைக் காட்டிய அந்தக் கிரணங்கள் மூளையைக் காட்டவில்லை. கபால எலும்பு கிரணங்களைப் பெருமளவு தடுத்துவிடும். உள்ளிருக்கும் மூளை, இரத்தம், நீர் ஆகியவற்றின் வேறுபாடோ மிக நுட்பமானது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழலாகிவிடும். பல பக்கங்களில் எழுதிய கணக்கை ஒரே தாளில் மேலுக்கு மேல் எழுதினால் எப்படிப் படிக்க இயலாதோ, அப்படி.

அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918இல் மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்து நாளத்தில் மருந்துச் சாயம் செலுத்தி மூளை நாளங்களைப் படமெடுத்தார். இவை அரிய முயற்சிகளே. எனினும் நோயாளிக்கு வேதனையும் ஆபத்தும் மிகுந்தவை. கசிந்த இரத்தத்தை நேரே காட்டும் சக்தியும் இவற்றுக்கு இல்லை.

இசைத்தட்டுக் கம்பெனியில் பிறந்த கருவி

இந்தப் பூட்டைத் திறந்தவர் மருத்துவரல்லர். நாய் சின்னமுள்ள எச்.எம்.வி. இசைத்தட்டுகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனை வெளியிட்ட பிரிட்டிஷ் ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளரே அவர். ஒரு விவசாயியின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். விமானப்படையில் ராடார் வேலை கற்றவர்.

அவருடைய யோசனையை வியாபாரிகளாகிய நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். பூட்டிய கிடங்கு ஒன்றில் நான்கு அறைகள், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உள்ளன. ஒவ்வோர் அறையிலும் சில அரிசி மூட்டைகள். திறந்து பார்க்க அனுமதியில்லை. மேல் வரிசையில் மொத்தம் 8 மூட்டை, கீழ் வரிசையில் 6. இடப்பக்க அறைகள் இரண்டிலும் சேர்த்து 7, வலப்பக்கத்தில் 7. இவ்வளவை மட்டும் கொண்டு எந்த அறையில் எத்தனை என்று சொல்ல முடியாது. பல விடைகள் பொருந்தும். ஆனால் மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் கூட்டினால் 5 என்று ஒரு குறுக்குக் கணக்கும் கிடைத்துவிட்டால் போதும். மேலே 3, 5; கீழே 4, 2. வேறு விடைக்கு இடமில்லை. கதவைத் திறக்காமலே ஒவ்வோர் அறையின் இருப்பும் தெரிந்துவிட்டது!

எக்ஸ்ரே கிரணம் தலையின் வழியே போகும்போது, தன் பாதையிலுள்ள பொருள்களின் மொத்தத் தடையைத்தான் சொல்லுகிறது. அது ஒரு வரிசையின் கூட்டுத்தொகை. தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கிரணங்களைச் செலுத்தி, கிடைக்கும் கூட்டுத்தொகைகள் அனைத்தையும் கணிப்பொறியிடம் கொடுத்தால், ஒவ்வொரு சிறு அறையின் மதிப்பையும் அது கணக்கிட்டுத் தந்துவிடும். இதன் கணிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் தனியே வெளியிட்டிருந்தார். ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியைச் செய்தே காட்டினார்.

1971 அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் குறுக்கே 80, நெடுக்கே 80, ஆக 6,400 அறைகள். ஒவ்வோர் அடுக்குக்கும் பல நிமிடங்கள் பிடித்தன. ஆயினும் முன்மூளையில் இருந்த நீர்க்கட்டி கறுப்பு வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று அதே 'ஸிடி ஸ்கேன்' முழுத் தலையையும் சில விநாடிகளில் படமெடுத்துவிடுகிறது.

படத்தை மருத்துவர் எப்படிப் படிக்கிறார்?

ஸிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்துள்ளனர். தண்ணீருக்கு 0. காற்றுக்கு −1000. கெட்டியான எலும்புக்கு 1000க்கும் மேல். மூளைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தத்துக்கு ஏறத்தாழ 50 முதல் 80 வரை. எண் ஏற ஏறப் படத்தில் வெண்மை கூடும். எனவே சாம்பல் நிற மூளையின் நடுவே புதிய இரத்தம் வெள்ளைத் திட்டாகப் பளிச்சென்று தெரிகிறது. கசிவு ஏற்பட்ட சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். ஓரிரு வாரங்கள் கழிந்தால் அந்த வெண்மை மங்கி மூளையோடு கலந்துவிடும். காலங்கடந்து எடுக்கும் படம் அரைகுறையாகவே பேசும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

அடைப்பின் கதை வேறு. முதல் சில மணி நேரத்தில் ஸிடி படம் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றலாம். பாதிக்கப்பட்ட பகுதியில் நீர் கோத்து அது கறுக்கத் தொடங்குவதற்கு நேரம் பிடிக்கும். "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையாம், அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்று சிலர் இங்கேதான் தவறுகிறார்கள். கை விழுந்து, வாய் கோணி, படத்தில் இரத்தமும் இல்லையென்றால், அது நோயில்லை என்பதற்கு ஆதாரமன்று. பெரும்பாலும் அடைப்பே என்பதற்கும், கட்டி கரைக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர் ஆலோசிக்கலாம் என்பதற்கும் அதுவே ஆதாரம்.

எந்த நாளம் அடைபட்டது என்று அறிய, கைநரம்பில் அயோடின் சேர்ந்த சாயம் செலுத்தி மீண்டும் ஸிடி எடுப்பதுண்டு. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவி, எக்ஸ்ரே இல்லாமலே, மூளையிலுள்ள நீரின் அசைவைக் கொண்டு அடைப்பை மிக விரைவில் காட்டவல்லது. எனினும் அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் உடனே கிடைப்பதில்லை. ஆகவே அவசரத்தில் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஸிடி படமே.

கடிகாரத்தின் தீர்ப்பு

கட்டி கரைக்கும் மருந்து பயன் தரும் என்பது 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. அப்போது விதித்த எல்லை 3 மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆராய்ச்சி அதனை 4½ மணி நேரமாக நீட்டியது. பெரிய நாளம் அடைபட்டிருந்தால், தொடை அல்லது கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே இழுத்து வெளியேற்றும் முறை 2015இல் நிலைபெற்றது. 2018இல் வெளியான ஆராய்ச்சிகளுக்குப் பிறகு, மூளையில் இன்னும் காப்பாற்றத்தக்க பகுதி மிஞ்சியிருப்பதைப் படம் காட்டினால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை இம்முறை செய்யப்படுகிறது.

24 என்ற எண்ணைக் கண்டு நிதானமாக இருந்துவிடக்கூடாது. பெரிய நாளம் அடைபட்ட மூளையில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். போன முதலை மறு வருஷம் சம்பாதித்துவிடலாம். போன மூளையணு திரும்புவதில்லை.

இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? நாம் கண்டுபிடித்த நேரத்திலிருந்தன்று. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தவர் காலை ஆறுக்குக் கை அசையாமல் எழுந்தால், கணக்குப் பத்து மணியிலிருந்தே. ஆகையால் அந்த நேரத்தைத் துல்லியமாக மருத்துவரிடம் சொல்லுவது, மருந்தைக் காட்டிலும் முக்கியமானது என்றாலும் மிகையாகாது.

நம்மவர் செய்யும் தாமதங்கள்

சகோதரர்களே! நம்மைப் பற்றி நாமே கொஞ்சம் பேசிக்கொள்வோம். கை மரத்துப்போனால், "நேற்று மூட்டை தூக்கியதால் இருக்கும்" என்கிறோம். கடையை அடைக்கும் நேரம் வரை பொறுக்கிறோம். வீட்டார் பதறினால், "மூத்த மகன் பினாங்கிலிருந்து வரட்டும், அவன் முடிவு செய்வான்" என்கிறோம். எண்ணெய் தேய்க்க ஆள் தேடுகிறோம். விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் தீரும் என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் செய்தியை நம்புகிறோம். இன்னும் சிலர், இரத்தத்தை இளக்கும் என்று கேள்விப்பட்டு உடனே ஆஸ்பிரின் மாத்திரையை வாயில் இடுகிறார்கள். அடைப்பா கசிவா என்று மருத்துவருக்கே தெரியாத நேரத்தில், நமக்கு எப்படித் தெரிந்தது?

ஓதிப் பார்ப்பதை இங்கே யாரும் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரையிலும், ஆஸ்பத்திரி வாசலிலும் ஓதலாம், துஆச் செய்யலாம். ஒட்டகத்தைக் கட்டி வைப்பதும் தவக்குலும் சேர்ந்தே செல்பவை என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் அல்லவா? மருத்துவம் தேடுவதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியே.

வருமுன் காத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடைப்பு, கசிவு இரண்டுக்கும் பொதுவான பெரிய காரணம் உயர் இரத்த அழுத்தம். மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய நாளங்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கி நைந்து, ஒரு நாள் வெடிக்கின்றன. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 29.2 சதவிகிதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 15.6 சதவிகிதத்தினருக்கு நீரிழிவும் உள்ளன. ஜும்ஆத் தொழுகையின் ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்றால், ஏறத்தாழ மூவருக்கு அழுத்த நோய் என்று பொருள். வலியில்லாத நோயாகையால் பலருக்கு அது தெரிவதே இல்லை. தினந்தோறும் கல்லாவை எண்ணும் நாம், அழுத்தத்தை எண்ணுவதற்கு மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஒதுக்கலாகாதா? ரமலான் மாதத்தில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, மருந்தை சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை மறுத்து உடலைக் கெடுத்துக்கொள்வது பக்தியன்று.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குளறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999க்கு அழையுங்கள். வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி திடீரென வந்தாலும் அவ்வாறே.

2. அறிகுறி பத்து நிமிடத்தில் தானாக மறைந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அது பின்னால் வரும் பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

3. வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீரும் மாத்திரையும் கூடாது. விழுங்க இயலாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நினைவற்றவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. அவர் அன்றாடம் சாப்பிடும் மருந்துகளைப் பையோடு எடுத்துச் செல்லுங்கள். இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவரென்றால் அதை முதலில் சொல்லுங்கள். மருத்துவரின் முடிவையே மாற்றக்கூடிய செய்தி அது.

6. படமெடுக்கக் கையொப்பம் கேட்டால், உறவினர் அனைவரும் கூடட்டும் என்று காத்திராதீர்கள். அருகிலிருப்பவரே முடிவு செய்யட்டும்.

நமக்கு அடுத்த ஊருக்கு 1897இல் வந்த கருவியால் காண முடியாததை, இன்று ஒரு படம் சில விநாடிகளில் காட்டுகிறது. ஆனால் அந்தப் படம் நம் வீடு தேடி வராது. நாம்தான் நேரத்தோடு அதனிடம் போய்ச் சேர வேண்டும். இப்பாடத்தைப் படித்தவர்கள் இன்றிரவே தம் மனைவி மக்களுக்கும், கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஏனெனில் விழுபவர் நாமாக இருந்தால், நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் அவர்களே.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீடித்த ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.